பாலம் எழுந்தது, நிலையம் எழவில்லை
தனுஷ்கோடி ரயில் நிலையத்தை வகுப்பறையில் படித்த அனுபவம்

எட்டாம் வகுப்பு சமூக அறிவியலில் இடர்கள் பற்றிய பாடத்தை நடத்தும்போதெல்லாம், புயலுக்கு எடுத்துக்காட்டாக நான் சொல்லும் ஊர் தனுஷ்கோடி. "1964 டிசம்பரில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது" என்று ஒரு வாக்கியம். பாம்பன் பாலம் சேதமடைந்ததும், பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அது சீரமைக்கப்பட்டதும் இன்னொரு வாக்கியம். பத்தாண்டுகளுக்கு மேலாக இப்படித்தான் நடத்திவந்தேன். மாணவர்களும் எழுதினார்கள், மதிப்பெண்ணும் பெற்றார்கள்.

ஓராண்டு, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டாள்:

"பாலத்த 46 நாள்ல சரி பண்ணிட்டாங்கல்ல டீச்சர்? அப்புறம் ஏன் அந்த ஸ்டேஷன மட்டும் திரும்பக் கட்டல?"

அன்று என்னிடம் பதில் இல்லை. "நாளைக்குப் பேசுவோம்" என்று சமாளித்தேன். அந்த 'நாளை' மூன்று வாரச் செயல்திட்டமாக நீண்டது. அதன் போக்கில் எங்கள் புதியம்புத்தூர் பிள்ளைகள் தங்கள் வீட்டு வரலாற்றையே கண்டெடுத்தார்கள். அந்த அனுபவத்தை சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

உள்ளூரிலிருந்து தொடங்கினோம்

முதல் வகுப்பில் தனுஷ்கோடி என்ற பெயரையே எடுக்கவில்லை. "நம்ம ஊருக்குப் பக்கத்துல உள்ள ரயில்வே ஸ்டேஷன் எது?" என்று கேட்டேன். பாதிப் பேர் தூத்துக்குடி என்றார்கள். சிலர் மணியாச்சி என்றார்கள். தட்டப்பாறை என்று சொன்னவர்கள் மூன்றே பேர். விரைவு ரயில்கள் நிற்காமல் கடந்துபோகும் சிறிய நிலையம் அது. பிள்ளைகள் மறந்ததில் வியப்பில்லை.

கரும்பலகையில் ஒரு கோடு போட்டேன். மதுரை, கோவில்பட்டி, மணியாச்சி, தட்டப்பாறை, தூத்துக்குடி. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை வந்த ஆண்டு 1876. சென்னையில் ஏறி இலங்கைக்குப் போகிறவர்கள் இந்தப் பாதையில் தூத்துக்குடி வரை வந்து, அங்கே கப்பல் ஏறி ஓர் இரவு கடலில் பயணம் செய்து கொழும்பில் இறங்கினார்கள். கப்பலோடு இணைந்த ரயில் என்பதால் அதற்குப் 'போட் மெயில்' என்று பெயர்.

இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த இரண்டு செய்திகளைக் கோட்டோடு இணைத்தேன். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்ற கப்பல்களை வாங்கியது இதே தூத்துக்குடி–கொழும்பு வழியில் ஆங்கிலேயக் கம்பெனியோடு போட்டியிடத்தான். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டபோது, ஆஷ் ரயில் பெட்டியில் உட்கார்ந்து காத்திருந்தது இதே போட் மெயிலுக்காகத்தான். தனித்தனிப் பாடங்களில் படித்த இரண்டு நிகழ்ச்சிகளும் ஒரே தண்டவாளத்தில் வந்து நின்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

மூன்றாவதாகச் சொன்னது அவர்களுக்குப் புதிய செய்தி. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து லட்சக்கணக்கான கூலித் தொழிலாளர்கள் போனார்கள். மழை பொய்த்துப் பஞ்சம் வந்த ஆண்டுகளில் இந்தக் கூட்டம் பெருகியது. காலரா, அம்மை, பிளேக் போன்ற நோய்களோடு யாரும் தீவுக்குள் வந்துவிடக் கூடாது என்று, கப்பல் ஏறும் முன்பே தொழிலாளர்களை நிறுத்திவைத்துச் சோதிக்க இந்தியக் கரையிலேயே முகாம்கள் இருந்தன. ஒன்று மண்டபத்தில். இன்னொன்று தட்டப்பாறையில்.

"நம்ம தட்டப்பாறையா டீச்சர்?" என்று இரண்டு மூன்று குரல்கள் ஒன்றாகக் கேட்டன. அதே தட்டப்பாறைதான். எல்லை என்பது கடலுக்கு நடுவே இருக்கும் கோடு என்று படித்த பிள்ளைகளுக்கு, அந்த எல்லையின் வாசற்படி ஒரு காலத்தில் கரிசல் காட்டுக்குள், தங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருந்தது என்பது நம்ப முடியாததாக இருந்தது.

தனுஷ்கோடி பிறந்த கதை

இரண்டாம் வகுப்பில் தமிழ்நாட்டு நிலவரைபடத்தைத் தரையில் விரித்தோம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஒரு நூல். ராமேஸ்வரம் தீவின் கிழக்கு முனைக்கும் தலைமன்னாருக்கும் இடையே இன்னொரு நூல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கடல் வழியைச் சுருக்க வேண்டும் என்று ரயில்வே ஏன் நினைத்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மணல்திட்டுகளின் மேலேயே இலங்கை வரை தண்டவாளம் போடலாம் என்ற யோசனையும் இருந்தது. செலவு கருதி அது கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக, பாம்பன் வரை பாலம், தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்ற ஏற்பாடு உருவானது. 1911-இல் தொடங்கிய பாம்பன் பாலத்தின் வேலை முடிந்து, 1914 பிப்ரவரி 24 அன்று பாலம் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 2,065 மீட்டர். கப்பல் வரும்போது நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலெழும்பும் அமைப்பு கொண்டது.

1914-இல் தனுஷ்கோடி நிலையமும் இலங்கைக்கான கப்பல் சேவையும் இயங்கத் தொடங்கின. அதோடு போட் மெயில் நம் ஊர் வழியை விட்டுவிட்டு அங்கே போய்விட்டது. பயணிகள் ஒரே டிக்கெட்டில் சென்னையிலிருந்து கொழும்பு வரை போகலாம். தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தலைமன்னார். அங்கே கொழும்பு ரயில் தயாராக நிற்கும். முதலில் ஓடிய கப்பல்களுக்கு கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பெயர்கள். "கப்பலுக்கு ஏன் அவங்க பேரு?" என்று கேட்கவிட்டு, "வ.உ.சி.யின் கம்பெனிக்கு ஏன் 'சுதேசி' என்று பேரு?" என்று திருப்பிக் கேட்டேன். விடையை அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

இந்த நிலையம் எப்படிப்பட்ட ஊரை உருவாக்கியது என்பதைப் பட்டியலாக எழுதவைத்தேன். சுங்க அலுவலகம், தபால் நிலையம், துறைமுக அலுவலகம், மருத்துவமனை, பள்ளி, தேவாலயம், விடுதிகள், ரயில்வே ஊழியர் குடியிருப்பு. இருபுறமும் கடல் சூழ்ந்த ஒரு மணல் நாக்கின் மேல் இவ்வளவும் இருந்தன. "இதுல எது எல்லாம் ரயில் இல்லாட்டியும் அங்க இருந்திருக்கும்?" என்று கேட்டேன். நீண்ட விவாதத்துக்குப் பிறகு மீனவர் குடிசைகளும், தீர்த்தமாட வரும் யாத்திரிகர்களும் மட்டும் என்று முடிவு செய்தார்கள். நிலையத்துக்கு வெளியே வேறு பிழைப்பு அதிகம் இல்லாத ஊர் அது. இந்த விடையைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். மாணவியின் கேள்விக்கு இது பிறகு தேவைப்பட்டது.

மாணவர்கள் ரசித்த செய்தி ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. செய்தித்தாள் கட்டுகளை ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் ரயிலிலிருந்து வீசுவார்கள். அவற்றைப் பிடித்துச் சேகரிக்கும் வேலையில் தன் உறவினருக்கு உதவிய சிறுவன்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். தன் முதல் சம்பாத்தியம் அதுதான் என்று 'அக்னிச் சிறகுக'ளில் அவர் குறிப்பிட்டிருக்கிறார்.

அந்த இரவு: எண்களை எப்படிப் படிப்பது?

1964 டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அந்தமான் கடற்பகுதியில் உருவான தாழ்வு மண்டலம் புயலாகி, 22-ஆம் தேதி இலங்கையின் வவுனியாவைக் கடந்து, அன்று நள்ளிரவில் தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன்பு புறப்பட்ட 653-ஆம் எண் பயணிகள் ரயில், தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கியபோது பேரலையில் சிக்கியது. அதில் இருந்தவர் ஒருவரும் பிழைக்கவில்லை.

இந்தப் பகுதியைக் கதையாகச் சொல்லி அழவைப்பது எளிது. அப்படிச் செய்ய வேண்டாம் என்று முடிவு செய்தேன். மாறாக இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதினேன். ரயிலில் இறந்தவர்கள் 115 பேர் என்று சில இடங்களில் வரும். ஏறத்தாழ 200 பேர் என்று சில இடங்களில் வரும். இரண்டில் எது பொய்?

குழுக்களாகப் பேசினார்கள். ஒரு குழு விடையை நெருங்கியது: "115-ங்கிறது யாரு எண்ணுனது டீச்சர்?" 110 பயணிகள், 5 ஊழியர்கள் என்பது ரயில்வே கணக்கு. டிக்கெட் வாங்கியவர்களைத்தான் ரயில்வேயால் எண்ண முடியும். டிக்கெட் வாங்காமல் ஏறியவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இரண்டு எண்களில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டியதில்லை. இரண்டும் வேறு வேறு ஆட்களை எண்ணியிருக்கலாம். புயலில் மொத்தமாக இறந்தவர்கள் சுமார் 1,800 பேர் என்பதும் மதிப்பீடுதான். ஓர் எண்ணைப் பார்த்தால் 'யார் எண்ணினார்கள், யாரை விட்டுவிட்டார்கள்' என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், அந்தப் பிள்ளை வரலாறு படிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஏன் திரும்பக் கட்டவில்லை?

மூன்றாம் வாரம் கேள்விக்கு வந்து சேர்ந்தோம். முதல் விடை எல்லோருக்கும் தெரிந்ததுதான். புயலுக்குப் பின் தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது. கேள்வி கேட்ட மாணவி விடவில்லை. "ராமேஸ்வரத்துலயும் கடல் இருக்கு. புயல் அங்கயும் வரும்ல?"

அடுத்து ஒரு காலக்கோடு வரைந்தோம். ரயில், கப்பல், புயல் பற்றிய ஆண்டுகள் கோட்டுக்கு மேலே. இரு நாட்டு அரசியல் ஆண்டுகள் கோட்டுக்குக் கீழே.

கீழே வந்தவை இவை. 1914-இல் கோட்டின் இருபுறமும் ஒரே ஆங்கில ஆட்சியின் கீழ் இருந்தன. 1947, 1948-இல் இந்தியாவும் இலங்கையும் தனித்தனியே விடுதலை பெற்றன. 1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாதவர் ஆனார்கள். நினைத்தவுடன் ஏறி இறங்கிய கப்பலுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் தேவைப்பட்டன. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது, மீதியைப் பிறகு பேசுவது என்பது உடன்பாடு. மீதி எத்தனை என்று பிள்ளைகள் கழித்துச் சொன்னார்கள்: 1,50,000. அவர்களை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. கணக்கு முடிந்ததும் ஒரு மாணவன் மெதுவாகக் கேட்டான்: "ஆள பாதிப் பாதியா எப்டி டீச்சர் பிரிப்பாங்க?" நான் விளக்கம் சொல்லவில்லை. கேள்வி கொஞ்ச நேரம் வகுப்பில் இருக்கட்டும் என்று விட்டேன்.

இப்போது கோட்டின் மேலும் கீழும் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். ஒப்பந்தம் அக்டோபர் 30. புயல் டிசம்பர் 22. இடையில் இரண்டு மாதம்கூட இல்லை.

குழுக்கள் எழுதிய விடைகளின் சாரம் இது. பாலம் இல்லாவிட்டால் ராமேஸ்வரம் தீவே துண்டாகிவிடும். அங்கே கோயிலும் ஊரும் மக்களும் இருந்ததால் பாலத்தை உடனே சீரமைத்தார்கள். தனுஷ்கோடி நிலையத்தின் வேலையோ இலங்கைக்கு ஆள் ஏற்றி இறக்குவது மட்டும். அந்த வேலையை ராமேஸ்வரமே செய்ய முடிந்தது. புயலுக்குப் பிறகு தலைமன்னார் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்துதான் போய்வந்தது. தோட்டங்களுக்கு ஆள் திரட்டி அனுப்பிய காலமும் முன்பே முடிந்திருந்தது. இனி பெரும்பாலும் ஒரு திசையில்தான் கூட்டம்: அங்கிருந்து இங்கே. நிலையத்தை இடித்தது கடல்; மீண்டும் கட்டாமல் விட்டதற்குக் கடலோடு மனிதர்கள் போட்ட கோடும் காரணம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததில் எனக்கு நிறைவு.

'அழிந்ததற்குக் காரணம்' வேறு, 'எழாததற்குக் காரணம்' வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் பதியவைப்பதுதான் இந்தப் பாடத்தின் மையம். கேரளத்திலோ குஜராத்திலோ நடந்த எந்தப் பேரிடரையும் இனி அவர்கள் இந்த இரு கேள்விகளோடு அணுகுவார்கள்.

வீட்டிலிருந்து வந்த சான்று

செயல்திட்டத்தின் ஒரு பகுதியாக, "உங்கள் குடும்பத்தில் யாராவது இலங்கைக்குப் போனதுண்டா, வந்ததுண்டா?" என்று பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்லியிருந்தேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தையல் இயந்திரம் ஓடும். ஆயத்த ஆடை தைக்கும் தாய்மார்களிடம் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. இரவு காஜா எடுக்கும்போதும் பொத்தான் தைக்கும்போதும் பக்கத்தில் இருந்து கேட்டு எழுதி வந்திருந்தார்கள். பாட்டனாரின் தகப்பனார் கொழும்பில் கடையில் வேலை பார்த்தார், பூட்டி தேயிலைக் காட்டுக்குப் போய்த் திரும்பவே இல்லை என்று எட்டுப் பத்துக் குறிப்புகள் வந்தன.

எங்கள் வகுப்பில் ஒரு மாணவனை மற்றவர்கள் 'சிலோன்காரன்' என்று கேலி செய்வதுண்டு. அவனுடைய பாட்டி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி வந்தவர். அவன் எழுதி வந்த தாளைத் தனியே என்னிடம் கொடுத்தான். வகுப்பில் வாசிக்கட்டுமா என்று கேட்டதற்குத் தலையசைத்து மறுத்தான். நான் வாசிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, மற்றவர்களின் குறிப்புகள் எல்லாம் சுவரில் ஒட்டப்பட்ட பிறகு, அவனாகவே தன் தாளைக் கொண்டுவந்து ஒட்டினான். கேலி செய்தவர்களில் ஒருவன் நின்று முழுவதையும் படித்தான். பிறகு தன் பூட்டனைப் பற்றிய தாளைப் பிய்த்து, இவனுடைய தாளுக்குப் பக்கத்தில் ஒட்டினான். "எங்க ஆளு இங்க ஏறிப் போனாரு. இவங்க ஆச்சி அங்க எறங்கி வந்தாங்க. ஒரே ரூட்டுதான் டீச்சர்" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பட்டப்பெயரை நான் கேட்கவில்லை.

ஆசிரியர்களின் கவனத்துக்கு

இந்தச் செயல்பாட்டை மேற்கொள்ள விரும்புவோருக்கு அனுபவத்தில் கண்ட சில குறிப்புகள்.

1. உங்கள் ஊருக்குப் பக்கத்து நிலையத்திலிருந்து தொடங்குங்கள். பாதை எந்த ஆண்டு வந்தது, எதை ஏற்றிச் செல்ல வந்தது என்று கேட்டாலே உள்ளூர் வரலாறு திறக்கும். அனுமதி பெற்று ஒரு மணி நேரம் அழைத்துச் சென்றால் போதும். பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் கடல் மட்ட உயரத்தைப் பார்க்கச் சொன்னால் புவியியலும் சேர்ந்துகொள்ளும்.

2. காலக்கோட்டை எப்போதும் இரண்டு அடுக்காக வரையுங்கள். ஓர் ஊரின் நிகழ்ச்சிகள் மேலே, நாட்டின் நிகழ்ச்சிகள் கீழே. காரணங்களை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்.

3. வீட்டு வரலாறு கேட்டுவரச் சொல்லும்போது, 'சொல்ல விருப்பமில்லை' என்பதும் ஏற்கத்தக்க விடை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இடப்பெயர்வு சில வீடுகளில் பெருமை. சில வீடுகளில் ஆறாத காயம்.

4. இடர்கள், இடம்பெயர்தல் ஆகிய இரு பாடங்களையும் இணைத்து நடத்தலாம். இதனால் பாடவேளை மிச்சமாகிறது, புரிதலும் ஆழமாகிறது.

5. பேரிடரைப் பற்றிய பாடத்தில் படங்களைவிடக் கேள்விகள் அதிகம் இருக்கட்டும்.

இன்றைய நிலையம்

ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பலும் 1980-களில் இலங்கையில் போர் மூண்டதும் நின்றுபோனது. அதே கடலில் படகுகளில் ஏதிலிகள் வந்தார்கள். மண்டபம் முகாமுக்கு மீண்டும் வேலை வந்தது. போரில் அழிந்த தலைமன்னார் ரயில் பாதை இந்திய நிறுவனத்தின் பணியால் மீண்டும் அமைக்கப்பட்டு, 2015 மார்ச் 14 அன்று திறக்கப்பட்டது. எதிர்க்கரை நிலையத்துக்கு இன்று ரயில் வருகிறது. இக்கரையில் அரிச்சல்முனை வரை 2017-இல் சாலை வந்தது. பாம்பனில் புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. தனுஷ்கோடியில் மணலுக்கு மேலே நிலையத்தின் சில சுவர்கள் நிற்கின்றன. சென்னை எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் போகும் ரயிலை மக்கள் இன்னும் 'போட் மெயில்' என்றே சொல்கிறார்கள். இப்போது அதற்காகக் காத்திருக்கும் கப்பல் எதுவும் இல்லை.

செயல்திட்டத்தின் முடிவில் தட்டப்பாறை நிலையத்துக்குப் போனோம். நடைமேடையில் நிழலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது தூத்துக்குடி ரயில் நிற்காமல் கடந்துபோனது. பிள்ளைகள் வழக்கம்போலக் கையசைத்தார்கள். கேள்வியைத் தொடங்கிவைத்த மாணவி தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்ததை, அவள் அனுமதியோடு இங்கே தருகிறேன்: "இந்த ஸ்டேஷன்ல வச்சுச் சோதிச்சு அனுப்புனவங்கள்ல எத்தன பேரு திரும்பி வந்து இங்க எறங்கியிருப்பாங்க?"

அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்புக்கு இந்தக் கேள்வியிலிருந்துதான் பாடத்தைத் தொடங்கப்போகிறேன்.